மனித இல்லத்தில் சிம்பன்சிக் குழந்தை: ஒரு வரலாற்று நோக்கு

குடும்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் மணமுறை, சொத்துரிமை, வாரிசு, தொழிற்பிரிவு ஆகியவற்றையே பெரும்பாலும் அளவுகோல்களாகக் கொள்வர். தொட்டில், பாற்போத்தல், குளிப்பாட்டும் நேரம், உறங்குமுன் கொடுக்கும் முத்தம் முதலியன வரலாற்றாசிரியனின் மேசைக்கு அரிதாகவே வந்து சேர்கின்றன. அவற்றை நாள்தோறும் எழுதிவைத்தோர் மிகச் சிலராதலின் இத்துறையில் அவன் பெரிதும் ஊகத்தையே நம்பவேண்டியவனாகின்றான். இதற்குப் புறநடையாக அமைந்த சில வீடுகள் இருபதாம் நூற்றாண்டில் உருசியாவிலும் அமெரிக்காவிலும் இருந்தன. அவ்வீடுகளின் அன்றாட வாழ்வு மணிக்கணக்கிற் குறித்துவைக்கப்பட்டது. ஆயின் தொட்டிலிற் கிடந்தது மனிதக் குழந்தையன்று, சிம்பன்சிக் குட்டி.

உளவியலாளரும் அவர்தம் துணைவியரும் ஒரு குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்துத் தம் பிள்ளையென வளர்த்தனர், உடையணிவித்தனர், கரண்டியால் உணவூட்டினர், குறும்பு செய்தபோது கண்டித்தனர். அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் மொழி, கற்றல், அறிவு வளர்ச்சி என்பன பற்றிய உளவியல் நூல்களிலே அவ்வப்போது எடுத்தாளப்படுகின்றன. வீட்டு வரலாறாக அவை படிக்கப்பட்டமை குறைவு. அவ்வாறு படிக்கும்போது உளவியலார் கேட்ட வினாக்களுக்கு முற்பட்ட வினாவொன்று எழுகின்றது. ஒரு குட்டியைப் பிள்ளையென ஏற்றுக்கொண்ட வீடு, ஆய்வு முடிந்த மறுநாள் அதற்கு என்ன முறையினதாக நின்றது என்பதே அவ்வினா. இவ்வரலாற்றை அது தொடங்கிய நாளிலிருந்து அன்றி முடிந்த நாளிலிருந்து நோக்குவது பயனுடையது என்பது என் கருத்து.

மேற்செல்லுமுன் மொழி பற்றிய சிக்கலொன்றைக் கூறவேண்டும். ஆங்கில நூல்கள் இக்குட்டிகளை ‘அவள்’, ‘அவன்’ என்றே சுட்டுகின்றன. தமிழில் எழுதுவோனுக்கு இது அத்துணை எளிதன்று. மக்களை உயர்திணையென்றும் ஏனையவற்றை அஃறிணையென்றும் பகுத்த நமது இலக்கணம் ஒவ்வொரு வினைமுற்றிலும் நம்மைத் தீர்ப்புக் கூறவைக்கின்றது. உவப்புக் காரணமாகத் திணை மயங்குவதை நன்னூலார் வழுவமைதியாக ஏற்றுக்கொண்டார். பசுவைத் தாயென விளித்து உயர்திணை முடிபு கொடுப்பதை உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டுவர். நாம் பேசவிருக்கும் வீடுகள் யாவும் இத்தகைய வழுவமைதியின்மீதே எழுந்தன. இக்கட்டுரையில் அஃறிணை முடிபே கையாளப்படுகின்றது. அது தமிழ் வழக்குக் கருதியதேயன்றி மதிப்புக் கருதியதன்று.

இவ்வீடுகளுள் காலத்தால் முற்பட்டது மொஸ்கோவிலிருந்தது. அலெக்சாந்தர் கோட்ஸ் என்பவர் 1907 ஆம் ஆண்டில் அங்கு டார்வின் அரும்பொருட்சாலையை நிறுவினார். அவர் துணைவியார் நதேஷ்தா லடிகினா-கோட்ஸ் 1913 இல் ஏறத்தாழ ஒன்றரை வயதுடைய ஜோனி என்னும் ஆண் சிம்பன்சிக் குட்டியொன்றை வளர்க்கத் தொடங்கினார். ஜோனி கூரைமீதேறிக் கொண்டால் எவ்வளவு அழைத்தும், உணவு காட்டியும் இறங்காது. அப்போது அம்மையார் முகத்தை மூடி அழுவதுபோல நடிப்பார். உடனே குட்டி பாய்ந்து இறங்கி வந்து, அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அழவைத்தவர் எவரெனத் தேடுவது போன்று நோக்கி, அவர் முகத்தைத் தன் கையால் மெல்லத் தொடும். மிருகத்திடம் இரக்கவுணர்வு உண்டோ என்னும் இன்றைய ஆராய்ச்சிகளில் இக்குறிப்பு இன்றும் மேற்கோளாகின்றது. கூரையில் நின்ற குட்டியை இறக்க வழிதேடிய ஒரு பெண்ணின் உபாயமாகத் தொடங்கியது அது என்பதையும் மறத்தலாகாது. ஜோனி 1916 இல் இறந்தது. 1925 இல் அம்மையாருக்கு ஒரு மகன் பிறந்தான். அவனது முதல் நான்காண்டு வளர்ச்சியையும் அவ்வாறே குறித்துவைத்து, இரண்டையும் ஒப்பிட்டு 1935 இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். மொழித்தடை காரணமாக மேற்குலகில் அந்நூல் நெடுங்காலம் அதிகம் படிக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் அது முழுமையாக வெளிவந்தது 2002 இலேயே.

அமெரிக்காவில் இம்முயற்சிக்குப் பின்னணி வேறு. முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரருக்கு நுண்ணறிவுச் சோதனைகளை நடத்திய ரொபேர்ட் யேர்க்ஸ் என்பவரே பின்னர் அந்நாட்டின் வாலில்லாக் குரங்கு ஆராய்ச்சிக்கும் தந்தையானார். அச்சோதனைப் பெறுபேறுகள் குடிவரவு பற்றியும் இனங்களின் தரம் பற்றியும் எழுந்த விவாதங்களிலே படைக்கலங்களாகப் பயன்பட்டன. அறிவு பிறப்பால் வருவதா, வளர்ப்பால் வருவதா என்னும் வினா அக்காலத்தில் வெறும் ஏட்டு வினாவாக இருக்கவில்லை. அரசியல் வினாவாகவும் இருந்தது. நடத்தைவாதத்தின் தலைவரான ஜோன் வொட்சன் சூழலே மனிதனை ஆக்குகின்றது என்று முழங்கினார். அவரே 1928 இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில் பிள்ளைகளை அணைப்பதையும் முத்தமிடுவதையும் தவிர்க்குமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறினார் என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இச்சூழலிலேதான் இண்டியானாப் பல்கலைக்கழக உளவியலாளரான வின்திரொப் கெலொக் தமது திட்டத்தை வகுத்தார். வங்காளத்தின் மிட்னாப்பூரில் 1920 இல் ஓநாய்களிடையே கண்டெடுக்கப்பட்டனவாகக் கூறப்பட்ட இரு பெண் குழந்தைகளைப் பற்றிய செய்தி அவரைப் பெரிதும் கவர்ந்தது. (அக்கதையின் நம்பகத்தன்மை பிற்காலத்திற் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கப்பட்டது, ஆயினும் அன்று அதனை நம்பிய அறிஞர் பலர்.) அக்குழந்தைகள் மனிதராக மீளாமைக்குக் காரணம் மூளைக்குறையன்று, மிருகச் சூழலே என அவர் வாதிட்டார். இதனைச் சோதிக்க மனிதக் குழந்தையொன்றைக் காட்டில் விடுதல் அறத்துக்கும் சட்டத்துக்கும் ஒவ்வாதது. எனவே மறுதலையாகச் செய்யலாம்: காட்டுக் குழந்தையொன்றை மனித வீட்டில் விடலாம். முதலாவதைத் தகாதது என்று தள்ளிய அதே சிந்தனை இரண்டாவதைத் தகும் என்று எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்றுக்கொண்டது. நமது வரலாற்றின் முடிச்சு இவ்விடத்திலேயே விழுந்தது என்பேன்.

1931 இல் கெலொக் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிபந்தனை வற்புறுத்தப்பட்டது. குட்டியை எக்கணத்திலும் செல்லப்பிராணியாக நடத்தலாகாது. கழுத்துக்குக் கயிறும் தரையில் உணவுத்தட்டும் வைத்துவிட்டு அது விலங்காகவே நடந்துகொள்கிறதே என்று கூறுவது நேர்மையன்று. முற்றாகப் பிள்ளையாகவே நடத்தவேண்டும். அவ்வாண்டு யூன் 26 ஆந் திகதி புளோரிடாவின் ஒரேஞ் பார்க்கிலிருந்த யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் குவா என்னும் ஏழரை மாதப் பெண் குட்டி தாயின் கூட்டிலிருந்து எடுக்கப்பட்டது. 1930 நவம்பர் 15 இல் கியூபாவின் ஹவானா நகரில் ஒரு செல்வப் பெண்மணியின் தனியார் விலங்குத் தோட்டத்திற் பிறந்த குட்டி அது. கெலொக் தம்பதியரின் மகன் டொனால்டுக்கு அப்போது வயது பத்து மாதம்.

அவ்வீட்டின் நாட்கள் எவ்வாறு கழிந்தன? இருவருக்கும் ஒரேவகை உடை, ஒரேவகை உயர நாற்காலி, ஒரேவகை நடைவண்டி. குளிப்பாட்டல், நிறுத்தல், உணவு, உறக்கம், உலா எல்லாம் நேர அட்டவணைப்படி நடந்தன. இடையிடையே சோதனைகள். திடீர் ஓசைக்கு யார் எவ்வளவு விரைவில் திடுக்கிடுகின்றனர் என்று பார்த்தனர்; சுழலும் நாற்காலியில் வைத்துச் சுற்றினர்; தலையோட்டைக் கரண்டியால் தட்டி ஓசையின் வேறுபாட்டையுங் குறித்தனர். வாரத்தின் ஏழு நாளும் இது நடைபெற்றது. இருவருக்கும் ஒரே நடத்துகை என்னும் விதி மிக நேர்மையாகவே பேணப்பட்டதென்பதை அச்சுழல்நாற்காலி காட்டும். தம் மகனையும் அவர்கள் அதற்கு விதிவிலக்காக்கவில்லை.

முதல் மாதங்களில் குவாவே முந்தி நின்றது. கோப்பையிற் குடிக்கவும், கரண்டியால் உண்ணவும், ஏவிய சொல்லை அறிந்து நடக்கவும் அது டொனால்டுக்கு முன்னரே கற்றுக்கொண்டது. மனிதரை டொனால்ட் முகத்தைக் கண்டு இனங்கண்டான். குவாவோ உடையையும் மணத்தையும் கொண்டு இனங்கண்டது. தவறு செய்து கண்டிக்கப்பட்டால் குவா உதட்டை நீட்டி முத்தம் வேண்டும். அது ஏற்கப்படும்வரை அமைதியடையாது. ஏற்கப்பட்டதும் கேட்கத்தக்கவாறு பெருமூச்சு விடும். கெலொக் வெளியே புறப்பட்டால் அதனாற் பொறுக்கவியலாது. அவரது மேலாடையொன்றைக் கொடுத்தால் அவர் திரும்பும்வரை அதனை வீடெங்கும் இழுத்துக்கொண்டு திரியும். தாயின் உரோமத்தைப் பற்றியிருந்த கை இப்போது எதைப் பற்றியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. கெலொக் நூலோ இதனைப் பற்றுதல் நடத்தை பற்றிய தரவுகளுள் ஒன்றாகவே பதிந்து செல்கின்றது.

காலஞ் செல்லச் செல்ல நிலை மாறியது. குவா பேசவில்லை, பேச முயலவுமில்லை. டொனால்டோ தோடம்பழத்தைக் கண்டால் குவா எழுப்பும் உணவொலியைத் தானும் எழுப்பத் தொடங்கினான். விளையாட்டில் வழிகாட்டி குவா, பின்பற்றுவோன் டொனால்ட். பத்தொன்பதாம் மாதத்தில் அவன் பயன்படுத்திய சொற்கள் மிகச் சிலவே. 1932 மார்ச் 28 இல், ஒன்பது மாதம் நிறைந்த நிலையில், பரிசோதனை முடிவுற்றது. முடிவுக்கான காரணத்தை 1933 இல் வெளிவந்த அவர்களது நூல் தெளிவுறக் கூறவில்லை. குட்டி மனிதனாவதைக் காட்டிலும் மகன் குட்டியாவது விரைந்து நடந்தமையே காரணமாகலாமெனப் பின்வந்த உளவியல் வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். எவ்வாறாயினும் டொனால்ட் தன் வீட்டில் இருந்தான். குவா ஒரேஞ் பார்க்கிலிருந்த கூட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. ஒன்பது மாதம் சப்பாத்தும் உடையும் அணிந்து இரவுதோறும் முத்தம் பெற்று உறங்கிய குட்டி அங்கு 1933 டிசம்பரில் நுரையீரற் சுரத்தால் இறந்தது. அதற்கு மூன்று வயது அப்போதுதான் கடந்திருந்தது.

இருவரையும் முற்றிலும் ஒத்தவாறு நடத்துதல் என்பதே பரிசோதனையின் விதி. அவ்விதி ஒரேயொரு நாளில் மீறப்பட்டது; அது கடைசி நாள்.

அடுத்த முயற்சி இவ்வாராய்ச்சி நிலையத்தைச் சார்ந்தே எழுந்தது. கீத் ஹேய்ஸ், கதரின் ஹேய்ஸ் என்னும் தம்பதியர் 1947 இல் அங்கு பிறந்த விக்கி என்னும் பெண் குட்டியைப் பிறந்த சில நாட்களிலேயே வீட்டுக்கு எடுத்துச்சென்றனர். குவாவை ஏழரை மாதம் கழித்து எடுத்தமையே பேச்சு வராமைக்குக் காரணமாக இருக்குமோ என்பது அவர்கள் எண்ணம். உதடுகளைக் கையாற் பிடித்து அசைத்துப் பயிற்றியதன் பயனாக விக்கி ‘மாமா’, ‘பாப்பா’, ‘கப்’ என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களை மூச்சொலியாக, அடைத்த குரலிற் சொல்லக் கற்றது. ஆறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் பேச்சுப் பெறுபேறு ஏறத்தாழ அவ்வளவே. பாடநூல்களில் விக்கி இம்மூன்று சொற்களாகவே வாழ்கின்றது.

ஆயின் கதரின் 1951 இல் வெளியிட்ட நூலைப் படிப்போர்க்கு வேறொரு காட்சி கிடைக்கும். கணவரின் ஆய்வுக் கட்டுரைகளில் காணப்படாத வீட்டுவேலை அனைத்தும் அங்கு உண்டு: அணையாடை மாற்றுதல், இரவிற் பால் கொடுத்தல், உடைந்த பொருட்களைப் பொறுக்குதல், வந்த விருந்தினரிடம் மன்னிப்புக் கோருதல். இவ்வகை ஆய்வுகள் எல்லாவற்றிலும் இரவு பகலாகக் குட்டியைச் சுமந்தவர் பெரும்பாலும் பெண்ணே. ஆய்வின் பெயர் ஆணினதாகவோ இருவரினதாகவோ வழங்கினும் குழந்தையின் கை யாருடைய கழுத்தைப் பற்றியிருந்தது என்பதைப் புகைப்படங்கள் காட்டிவிடுகின்றன. இதனை விரித்துரைக்கத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஒன்றரை வயதளவில் விக்கி வீட்டாரைப் பார்த்துத் தானும் தூசு துடைத்தது, பாத்திரங் கழுவ முயன்றது, பென்சில் சீவியது. மனிதர், விலங்கு எனப் படங்களை இருவேறாக அடுக்கும்படி பயிற்றியபோது தன் படத்தை மனிதரோடும், உரோமம் அடர்ந்த தன் தந்தைச் சிம்பன்சியின் படத்தை விலங்குகளோடும் வைத்தது. அக்காலத்திலேயே விந்தையான விளையாட்டொன்றைக் கதரின் கண்டார். கயிற்றில் இழுத்துச் செல்லும் விளையாட்டுப் பொருட்களில் விக்கிக்கு விருப்பம் மிகுதி. ஒருநாள் குளியலறையில் அது கையைப் பின்னால் நீட்டியவாறு நடந்தது. கையில் கயிறில்லை, பின்னே பொருளுமில்லை. இருப்பதுபோல இழுத்துச் சென்றது. சில நாட்களின் பின்னர் அந்த இல்லாத கயிறு குழாய்ப் பகுதியொன்றிற் சிக்கிக்கொண்டதுபோல இழுத்து இழுத்துப் பார்த்தது. இறுதியில் அவரைப் பார்த்து ‘மாமா’ என்று அழைத்தது. கதரின் வந்து, இல்லாத கயிற்றை இல்லாத சிக்கலினின்றும் விடுவித்து, அதன் கையிற் கொடுத்தார். மகிழ்ச்சியோடு அது இழுத்துச் சென்றது. பின்பொருநாள் அவரே தமக்கென ஒரு கற்பனைப் பொருளை இழுத்து நடந்தபோது விக்கி வெருண்டது. அவர் அதனை அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

எண்ணிக்கையில் ஒருமுறையே நிகழ்ந்த இவ்வகை நிகழ்ச்சியை அறிவியல் சான்றாக ஏற்கத் தயங்கும். தயங்குவது முறையும் ஆகும். வரலாறு அவ்வாறு தயங்கவேண்டியதில்லை. மூன்று சொற்களுள் ஒன்றை அக்குட்டி பயிற்சி மேசையிலன்றித் தன் விளையாட்டில், தன் தேவைக்காக, தனக்குத் தாயாக நின்றவரை நோக்கிப் பயன்படுத்தியது. விக்கி 1954 இல், ஏழு வயது நிரம்புமுன், மூளையைத் தாக்கிய தொற்றுநோயால் இறந்தது. ஆய்வு முடிவதற்கு முன்னரே இறந்தமையால், பின்வந்தவை எதிர்கொண்டதை அது எதிர்கொள்ளவில்லை.

விக்கியின் திரைப்படத்தைப் பார்த்த அலன் கார்ட்னர், பியாட்ரிஸ் கார்ட்னர் என்போர் அது பேசத் தவிப்பதினும் கைகளால் உணர்த்துவது இயல்பாயிருப்பதைக் கண்டனர். அதன் பயனாக 1966 இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில், தம் வீட்டுப் பின்வளவில் நிறுத்தப்பட்ட வண்டிவீடொன்றில் வொஷோ என்னும் குட்டியை வளர்த்து, செவிப்புலனற்றோர் வழங்கும் அமெரிக்கச் சைகைமொழியைக் கற்பித்தனர். வொஷோ மேற்காபிரிக்கக் காட்டிற் பிடிக்கப்பட்டது. அமெரிக்க விமானப்படையின் விண்வெளி ஆய்வுக்கெனக் கொண்டுவரப்பட்ட குட்டிகளுள் ஒன்று. காட்டுக் குட்டியைப் பிடிப்பது என்பது பெரும்பாலும் தாயைச் சுட்டு வீழ்த்துவதையே குறித்தது என்பதையும் இங்குச் சொல்லிவைக்கவேண்டும். நான்காண்டின் பின் 1970 இல் அது ஒக்லஹோமா மாநிலத்தின் நோர்மன் நகரிலிருந்த ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்குக் கிடைத்த நற்பேறு, மாணவராயிருந்த ரோஜர் பௌட்ஸ் என்பவர் அதனுடன் சென்றமையே. அவரும் அவர் துணைவியாரும் அதனைக் கைவிடவில்லை. 2007 இல் 42 வயதளவில் அது இறக்கும்வரை உடனிருந்தனர். நாம் காணும் வரிசையில் இது அரிய விதிவிலக்கு. தன் இரு குட்டிகளை இழந்திருந்த வொஷோ, கருச்சிதைவால் துயருற்றுச் சில வாரம் வாராதிருந்து திரும்பிய உதவியாளப் பெண்ணொருத்தி தன் குழந்தை இறந்ததெனச் சைகையிற் கூறியபோது, கன்னத்தில் விரலால் கண்ணீர்க்கோடு வரைந்து ‘அழு’ என்னும் சைகையைக் காட்டியதாகப் பௌட்ஸ் எழுதியுள்ளார்.

நோர்மன் நகரிலேதான் இவ்வரலாற்றின் மிக நீண்ட வீட்டு வாழ்க்கையும் நடந்தது. உளமருத்துவரும் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான மொரிஸ் டெமர்லினும் அவர் மனைவி ஜேனும் 1964 இல் பிறந்து இரண்டே நாளான லூசி என்னும் குட்டியைக் கொண்டுவந்தனர். காட்சிக்கூடமொன்றிற் சேர்ந்த தாய்ச் சிம்பன்சிக்கு இனிப்புப் பானத்தில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, அது மயங்கியிருந்த வேளையில் குட்டி எடுக்கப்பட்டது. லூசி மேசையில் உண்டது. அலமாரியைத் திறந்து தனக்குப் பிடித்த உடையை எடுத்தது. சாவியைத் திருடி வாய்க்குள் ஒளித்துவைத்துக் கதவு திறந்தது. பூனைக்குட்டியொன்றைத் தன் செல்லமாக வளர்த்தது. பௌட்ஸ் சைகைமொழி கற்பிக்கக் காலையில் வரும்போது, அது கேத்தலை எடுத்து நீர்பிடித்து அடுப்பில் வைத்து, கோப்பையும் தேயிலைப் பொதியும் எடுத்துத் தேநீர் ஊற்றி அவருக்குக் கொடுக்கும். தண்ணீர்ப் பூசணிப் பழத்துக்குப் பெயரறியாதபோது ‘குடி-பழம்’ என்று இரு சைகைகளை இணைத்தது. காரமான முள்ளங்கியைக் கடித்தபின் ‘அழு-நோவு-உணவு’ என்றது. வரவேற்பறையில் அசுத்தஞ் செய்துவிட்டு, யார் செய்ததெனப் பௌட்ஸ் வினவியபோது முதலில் அங்கில்லாத ஒரு மாணவியின் பெயரையும், பின் பௌட்ஸின் பெயரையும் கூறி, இறுதியில் தானே எனச் சொல்லி வருந்தியது. விருந்தினருக்குத் தேநீர் கொடுத்தல், பொய்யுரைத்தல், மன்னிப்புக் கேட்டல் ஆகிய மூன்றையும் கற்றுக்கொண்ட ஒன்றுக்கு இல்லறவாழ்வு புரியவில்லை என்று எவரும் கூறல் இயலாது.

ஆனால் லூசி வளர்ந்தது. சிம்பன்சி ஐந்தாறு வயதிலேயே மனிதரால் அடக்கமுடியாத வலிமை பெறுகின்றது. அதன் ஆயுளோ நாற்பது ஐம்பது ஆண்டுவரை செல்லக்கூடியது. எந்த ஆய்வுத் திட்டமும் அவ்வளவு காலத்துக்கு வகுக்கப்படுவதில்லை. டெமர்லின் 1975 இல் லூசியைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1977 இல், லூசி ஏறத்தாழ பன்னிரண்டு வயதை எட்டியபோது, தம்பதியர் அதனை மேற்காபிரிக்காவின் காம்பியா நாட்டுக்குக் கொண்டுசென்றனர். ஆபிரிக்கக் காட்டை அது ஒருபோதும் கண்டதில்லை. அமெரிக்காவிற் பிறந்த அதற்கு அது தாய்நாடுமன்று. உடன் சென்ற ஜானிஸ் கார்ட்டர் என்னும் மாணவி மூன்று வாரம் தங்குவதாக இருந்தவர். பல ஆண்டுகள் தங்கினார். முதலில் அபுக்கோ சரணாலயத்திலும், 1979 முதல் காம்பியா ஆற்றின் நடுவேயுள்ள தீவொன்றிலும் வாழ்ந்து, தாம் இரும்புக் கூட்டுக்குள் உறங்கி, சிம்பன்சிகளைக் காட்டில் உறங்கப் பழக்கினார். மனிதக் குழந்தையாக வளர்ந்த லூசிக்கு இலையும் காயும் உண்ணக் கற்பிக்கத் தாமே இலையைத் தின்று காட்டினார். மற்றவை மெல்லக் காட்டுக்குப் பழகின. லூசியே நெடுநாள் மறுத்துக் கூட்டருகே இருந்தது. 1987 இல் அதன் எலும்புகள் தீவில் கண்டெடுக்கப்பட்டன. எவ்வாறு இறந்தது என்பது உறுதியாகத் தீர்மானிக்கப்படவில்லை.

டெமர்லின் தம்பதியரைக் கொடியவரெனத் தீர்த்துவிடுதல் எளிது, ஆனால் நீதியன்று. விற்றுவிடுவதற்கு ஆய்வுகூடங்கள் இருந்த காலத்தில் அவர்கள் கடல்கடந்து ஒரு வழி தேடினர். தீங்கு அவர்தம் இறுதி முடிவில் இல்லை, முதல் முடிவில் இருந்தது. 1960 முதல் தன்சானியாவின் கொம்பேக் காட்டில் ஜேன் குடால் செய்த ஆய்வுகள் சிம்பன்சிக்கு ஏற்கெனவே ஒரு வீடு உண்டென்பதைக் காட்டிக்கொண்டிருந்தன. அங்குக் குட்டி ஏறத்தாழ ஐந்தாண்டு பால் குடிக்கின்றது. அதன் பின்னரும் சில ஆண்டு தாயுடனேயே திரிகின்றது. புளோ என்னும் முதிய தாய் 1972 இல் இறந்தபோது எட்டு வயது கடந்த அதன் மகன் பிளிண்ட் உணவை வெறுத்துச் சில வாரத்துள் இறந்தது. லூசி நோர்மனில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே இச்செய்திகள் அச்சாகிப் பரவின. ‘குடும்பமற்ற விலங்குக்குக் குடும்பம் கொடுத்தோம்’ என்னும் எண்ணத்துக்கு அதன்பின் இடமிருக்கவில்லை. எனினும் வீட்டு வளர்ப்பு நிற்கவில்லை.

நிம் என்னும் ஆண் குட்டியின் கதை இதற்குச் சான்று. 1973 நவம்பரில் நோர்மனிற் பிறந்து, இரு வாரத்தளவில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, நியூ யோர்க் நகரின் பெரிய குடும்பமொன்றில் அது வளர்க்கப்பட்டது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஹேர்பேர்ட் டெரஸ் நடத்திய ஆய்வு அது. 125 சைகைகள் கற்ற நிம், பதினாறு சைகைகளைத் தொடர்ந்து காட்டி ஒரு தோடம்பழம் கேட்டதுண்டு. ஆயினும் அத்தொடர்களில் இலக்கணமில்லை, பெரும்பாலானவை ஆசிரியரின் சைகைகளைத் தழுவியனவே என்று டெரஸ் 1979 இல் முடிவுகூறினார். வாதம் வலுவானது, இன்றும் பெரிதும் மதிக்கப்படுவது. குட்டியோ 1977 இலேயே ஒக்லஹோமாக் கூட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டிருந்தது. 1982 இல் அந்நிறுவனம் தன் சிம்பன்சிகள் பலவற்றை நியூ யோர்க் மாநிலத்திலிருந்த மருத்துவ ஆய்வுகூடமொன்றுக்கு ஈரலழற்சித் தடுப்பூசிச் சோதனைகளுக்கென விற்றது. அவற்றுள் நிம்மும் ஒன்று. பத்திரிகைகளில் எழுந்த எதிர்ப்பினால் அது மீட்கப்பட்டு, 1983 இல் டெக்சஸ் மாநிலத்தின் விலங்குப் புகலிடமொன்றுக்குச் சென்று, 2000 மார்ச்சில் 26 வயதில் இறந்தது.

நிம் மீட்கப்பட்டமைக்குக் காரணம் அதன் பெயர் பத்திரிகைகளில் வந்திருந்தமையே. வீட்டில் வளர்ந்து பெயர் பெறாதவற்றுக்கு அவ்வழி திறக்கவில்லை. சட்டப்படி இவையாவும் உடைமை. பிள்ளையாக வளர்த்தமை எந்தப் பதிவேட்டிலும் உரிமையாக எழுதப்படவில்லை. தத்தெடுப்புக்குச் சட்டத்தில் பின்வாங்கல் எளிதன்று. விலைக்கு வாங்கியதற்கோ மறுவிற்பனை எப்போதும் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் சிம்பன்சிகள்மீதான உடலூறு செய்யும் ஆய்வுகளுக்கு ஆதரவை முற்றாக நிறுத்தியதும், அந்நாட்டில் அடைப்பிலுள்ள சிம்பன்சிகளும் அழிநிலை உயிரினமாகச் சட்டத்தில் வகைப்படுத்தப்பட்டதும் 2015 இலேயே. குவா இறந்து அப்போது எண்பத்திரண்டு ஆண்டு.

ஒக்லஹோமாவிற் சைகைமொழி கற்றவற்றுள் பூயி என்பதும் ஒன்று. நிம் விற்கப்பட்ட 1982 இலேயே அதுவும் அதே ஆய்வுகூடத்துக்கு விற்கப்பட்டு, ஈரலழற்சிக் கிருமி ஏற்றப்பட்டு, கூட்டில் இருந்தது. 1995 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் பொருட்டுப் பௌட்ஸ் பதின்மூன்று ஆண்டின் பின் அதனைக் காணச் சென்றார். சைகையால் பேச எவருமில்லாது கழிந்த ஆண்டுகள் அவை. அவரைக் கண்டதும் பூயி தன் பெயரைச் சைகையிற் சொன்னது. பின்னர் காதுமடலை விரலால் தட்டியது. பழைய நாட்களில் பௌட்ஸுக்கென அதுவே இட்டு வழங்கிய பெயர் அது. கம்பிகளினூடே அவர் கையைப் பற்றிக்கொண்டு உணவு கேட்டது. நிகழ்ச்சியைப் பார்த்தோர் எழுப்பிய குரலின் விளைவாக அவ்வாண்டிலேயே அது கலிபோர்னியாவிலுள்ள விலங்குச் சரணாலயமொன்றுக்கு அனுப்பிவைக்கப்பட்டது.